டியூப் இல்லாத சைக்கிள் டயர்: வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும்

காரில் டியூப்லெஸ் டயருக்குப் பழகியவர்கள் சைக்கிளுக்கும் அதே நினைப்போடு வருகிறார்கள். மாட்டினோம், காற்றடித்தோம், தேயும்வரை மறந்துவிடலாம் என்பது அந்த நினைப்பு. சைக்கிளில் அது நடக்காது. காரின் ரிம்மில் பொதுவாக ஸ்போக் ஓட்டைகள் கிடையாது. டயரோ காற்றுப் புகாத தடித்த ரப்பர். சைக்கிள் ரிம்மில் ஸ்போக்குக்கு ஒன்றாக ஓட்டைகள் இருக்கின்றன. டயரும் எடை குறைய வேண்டும் என்று மெல்லிய நூலால் நெய்து, மேலே கொஞ்சம் ரப்பர் பூசியது. அதன் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் காற்று கசியும். ஆகவே ரிம்மின் ஓட்டைகளை ஒரு டேப் மூட வேண்டும், டயரின் துளைகளை சீலண்ட் என்ற பால் போன்ற திரவம் அடைக்க வேண்டும். டேப் ஒருநாள் நெகிழும். சீலண்ட் சில மாதங்களில் உலரும். இரண்டையும் கவனிப்பவருக்கு டியூப்லெஸ் நன்றாக உழைக்கும். கவனிக்காதவருக்கு சாதாரண டியூபைவிட அதிகத் தொல்லை தரும்.

1999இல் மாவிக், மிஷெலின், ஹட்சின்சன் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து மலைப்பாதை சைக்கிள்களுக்காக யு.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்தன. அதில் காருக்குச் செய்ததுபோல ரிம்மின் உட்பக்கத்தில் ஸ்போக் ஓட்டையே கிடையாது, டயரும் தானாகவே காற்றைப் பிடிக்கும் அளவுக்குத் தடிமன். எடை கூடியது. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ‘டியூப்லெஸ் ரெடி’ வகை. எடையைக் குறைத்துக்கொண்டு, காற்றைப் பிடிக்கும் பொறுப்பை டேப்பிடமும் சீலண்டிடமும் ஒப்படைத்துவிட்ட வகை அது.

உங்களுக்கு இது வேண்டுமா?

முள்ளும் கண்ணாடித் துண்டும் நிறைந்த வழியில் வாரத்துக்குப் பல முறை ஓட்டுகிறீர்களா? மண்பாதை, சரளை, மலைப்பாதை என்று போகிறீர்களா? டயரின் அகலம் 32 மி.மீ.க்கு மேலா? அப்படியானால் தயங்க வேண்டாம். சின்ன முள் குத்தினால் சீலண்ட் சில நொடிகளில் அடைத்துவிடும். பல சமயம் வீட்டுக்கு வந்து டயரில் வெள்ளைப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் குத்தியதே தெரியும். கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டைத் துளை விழுமே, அந்தப் பஞ்சருக்கு இங்கே இடமே இல்லை. அதனால் காற்றைக் குறைத்து வைக்க முடிகிறது, பிடிமானமும் சொகுசும் கூடுகின்றன. என் கணக்கில் பஞ்சர் தடுப்பைவிட இதுதான் பெரிய லாபம்.

மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளை வெளியே எடுப்பவர், 23 அல்லது 25 மி.மீ. ஒல்லி டயரில் மிகுந்த அழுத்தத்தோடு ஓட்டுபவர், இடத்துக்குத் தகுந்தாற்போல டயரை அடிக்கடி மாற்றுபவர் ஆகியோர் டியூபோடு இருப்பதே நல்லது. ஒல்லி டயரில் அழுத்தம் அதிகம் என்பதால் சீலண்ட் உறையும் முன்பே காற்று அதைத் துளை வழியே பீய்ச்சி அடித்துவிடும்; அழுத்தம் பாதியாக இறங்கிய பிறகுதான் பல நேரம் அடைப்பு விழும். பயன்படுத்தாமல் நிற்கும் சைக்கிளிலோ சீலண்ட் ஒரே இடத்தில் தேங்கி உலர்ந்து கட்டியாகிவிடும். அவர்களுக்குப் பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த தடித்த டயரும் ஒரு நல்ல டியூபும் போதும்.

முதலில் ரிம், பிறகுதான் டயர்

புதிதாக வருபவர்கள் டயரின் பெயரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் ரிம்மைப் பற்றிக் கேட்பேன். ரிம் டியூப்லெஸுக்கென்று செய்யப்பட்டதா என்பது அதன் மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலோ தயாரிப்பாளரின் விவரக் குறிப்பிலோ இருக்கும். அத்தகைய ரிம்மின் குறுக்குவெட்டில் மூன்று பகுதிகளைக் காணலாம். நடுவில் ஒரு பள்ளம். அதன் இருபுறமும் டயரின் ஓரம் உட்காரும் தட்டையான மேடை. மேடைக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சிறு வரப்பு. டயரின் ஓரத்துக்கு பீட் என்று பெயர். மாட்டும்போது பீட் பள்ளத்தில் இறங்கி இடம் கொடுக்கும், காற்றடித்ததும் வரப்பைத் தாண்டி மேடையில் ஏறி உட்காரும். காற்று குறைந்தாலும் வரப்பு அதைக் கீழே இறங்க விடாது. சாதாரண ரிம்மில் இந்த வரப்பு இருப்பதில்லை. டேப்பைச் சுற்றிச் சுற்றித் தடிமனாக்கி அதையும் டியூப்லெஸ் ஆக்குபவர்கள் உண்டு. புதியவர்கள் அந்த வித்தையில் இறங்க வேண்டாம்.

அடுத்தது அளவு. டயரின் பக்கவாட்டில் 40-622 என்பது போல இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முன்னது டயரின் அகலம், பின்னது பீட் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி என்றாலும் 29 அங்குலம் என்றாலும் விட்டம் 622தான். 650பி, 27.5 அங்குலம் இரண்டுக்கும் 584. மலைப்பாதை சைக்கிளின் 26 அங்குலத்துக்கு 559. அங்குலக் கணக்கு குழப்பும். 26 அங்குலம் என்ற பெயரிலேயே வேறு விட்டங்களும் உண்டு. இந்த மூன்றிலக்க எண் ஏமாற்றாது. ரிம்மில் உள்ள எண்ணும் டயரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் வாங்க வேண்டும்.

ரிம்மின் உள்ளகலத்தையும் பாருங்கள். 19 முதல் 21 மி.மீ. உள்ளகலத்துக்கு 28 முதல் 35 மி.மீ. வரையிலான டயர்கள் இயல்பாகப் பொருந்தும். 23 முதல் 25 மி.மீ. என்றால் 35இலிருந்து 50 வரை. மலைப்பாதை ரிம்கள் பல 30 மி.மீ.; அவற்றுக்கு 2.3 முதல் 2.5 அங்குலம். மிக அகலமான ரிம்மில் ஒல்லி டயரைப் போட்டால் அதன் தோள்கள் சதுரமாகிப் பக்கவாட்டு வெளியே தெரியும், கல் கிழித்துவிடும். ஒல்லி ரிம்மில் பருத்த டயரைப் போட்டால் வளைவில் துவளும்.

ஹூக்லெஸ் ரிம் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இருமுறை படிக்க வேண்டும். வழக்கமான ரிம்மின் விளிம்பு உள்நோக்கிக் கொக்கிபோல வளைந்து டயரைப் பிடித்துக்கொள்ளும். ஹூக்லெஸ்ஸில் கொக்கி இல்லை, நேரான சுவர்தான். டயரைத் தாங்குவது பீட்டின் இழுபடாத தன்மை மட்டுமே. எனவே இதில் டியூப்லெஸ் டயர் மட்டும்தான் போடலாம், உள்ளே டியூப் வைத்தாலும் அப்படித்தான். அழுத்தம் 5 பாரை, அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது (பார், பி.எஸ்.ஐ. இரண்டும் காற்றழுத்தத்தின் அலகுகள்). எந்த டயரெல்லாம் பொருந்தும் என்று ரிம் தயாரிப்பாளர் ஒரு பட்டியல் தருவார். அதில் இல்லாத டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். டயர் ரிம்மிலிருந்து கழன்றால் விழுவது நீங்கள்.

டயர் வாங்கும்போது

பக்கவாட்டில் ‘டியூப்லெஸ் ரெடி’ என்றோ டி.எல்.ஆர். என்றோ எழுதியிருக்க வேண்டும். மடிக்கக்கூடிய டயர் எல்லாம் டியூப்லெஸ் ஆகாது. சாதாரண டயரின் பீட் அழுத்தத்தில் சற்று இழுபடும். உள்ளே டியூப் இருக்கும்வரை அதனால் தொல்லையில்லை. டியூப் இல்லாதபோது ஒரே நொடியில் ரிம்மைவிட்டு வெளியே பாயும்.

அகலத்தைப் பொறுத்தவரை, சைக்கிளின் சட்டமும் முன் ஃபோர்க்கும் இடம் கொடுக்கும் அளவுக்குள் பெரியதை எடுங்கள். டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே நாலைந்து மி.மீ. இடைவெளி மீதி இருக்கட்டும். சேறு ஒட்டவும் சக்கரம் சற்றே கோணவும் அது வேண்டும். பெரிய டயரில் குறைந்த அழுத்தம் போதும், குறைந்த அழுத்தத்தில்தான் சீலண்ட் நன்றாக வேலை செய்யும்.

பக்கவாட்டுத் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். நடுப்பகுதியில் விழும் துளையை சீலண்ட் அடைக்கும். பக்கவாட்டில் விழும் கிழிசலை எதுவும் அடைக்காது. ஓரங்களில் கூடுதல் பாதுகாப்புத் துணி வைத்த வகை 50, 100 கிராம் கூடுதலாக இருக்கும். பந்தயத்துக்குப் போகாதவருக்கு அந்த எடை ஒரு பொருட்டே அல்ல. டயரின் மேற்பரப்பில் உள்ள மேடு பள்ளப் பூக்களின் வடிவத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், ஆனால் தார்ச்சாலைக்கு வழுவழுப்பு, சரளைக்குச் சிறு பூ, சேற்றுக்கு உயரமான இடைவெளிவிட்ட பூ என்பதற்கு மேல் தொடக்கத்தில் தெரிய வேண்டியதில்லை.

டயரோடு சேர்த்து வாங்க வேண்டியவை: ரிம்முக்கேற்ற அகலத்தில் டியூப்லெஸ் டேப், உள் ஊசியை (காற்றைத் திறந்து மூடும் நடுப்பாகம்) கழற்றக்கூடிய டியூப்லெஸ் வால்வு இரண்டு, அந்த ஊசியைத் திருகும் சிறு சாவி, சீலண்ட், ஊசி இல்லாத சிரிஞ்ச், பிளாஸ்டிக் டயர் லீவர், ரப்பர் திரிகளோடு கூடிய பஞ்சர் கருவி. வால்வின் நீளம் ரிம்மின் ஆழத்தைவிடக் குறைந்தது 15 மி.மீ. கூடுதலாக இருந்தால்தான் பம்பின் வாய் பிடிக்கும்.

டேப் ஒட்டுவது

‘காற்று நிற்கவில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் டயரும் அல்ல, சீலண்டும் அல்ல. அவசரமாக ஒட்டிய டேப்தான். இந்த ஒரு வேலைக்கு மட்டும் நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள்.

டேப்பின் அகலம் ரிம்மின் உள்ளகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். பள்ளத்தில் இறங்கி ஏறும் வளைவுக்கு அந்தக் கூடுதல் செலவாகிவிடும்; இறுதியில் டேப் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை மூடியிருக்க வேண்டும், சுவரின் மேல் ஏறக் கூடாது. மின்கம்பிக்குச் சுற்றும் டேப், பொட்டலம் ஒட்டும் டேப் எல்லாம் இதற்கு உதவாது. அழுத்தத்தில் நெகிழ்ந்து ஸ்போக் ஓட்டைக்குள் குழிந்துவிடும்.

பழைய ரிம் பட்டையைக் கழற்றுங்கள். ஒட்டியிருக்கும் பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். புது ரிம்மையும் துடைக்க வேண்டும், தொழிற்சாலை எண்ணெய்ப் படலம் இருக்கும். விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். ஸ்போக் ஓட்டையின் ஓரம் கூராக இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் மழுக்கிவிட்டு மறுபடி துடையுங்கள். ரிம் முழுதாகக் காயட்டும்.

சக்கரத்தை மடியிலோ சைக்கிளிலோ நிறுத்தி, வால்வு ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் டேப்பைத் தொடங்குங்கள். இழுத்துப் பிடித்தபடி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சுற்ற வேண்டும். இழுப்பு போதாவிட்டால் பள்ளத்தின் மேல் டேப் பாலம்போல நிற்கும். அதன் அடியில் உள்ள காற்றுதான் பின்னால் கசிவுக்கு வழி. ஒரு சுற்று முடித்து, வால்வு ஓட்டையைக் கடந்து மறுபுறம் ஒரு சாண் போனதும் நறுக்குங்கள். இப்படி வால்வு இருக்கும் இடத்தில் இரண்டு அடுக்கு விழும். 622 அளவு ரிம்மில் ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். அதிக அழுத்தம் வைக்கும் சாலை டயருக்கு இரண்டு சுற்று போடுங்கள். மற்றதற்கு ஒன்று போதும்.

ஒட்டி முடித்ததும் காற்றுக்குமிழிகளை மென்துணியால் தேய்த்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். நேரம் இருந்தால் டியூபை உள்ளே வைத்து டயரை மாட்டிக் காற்றடித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். டியூபின் அழுத்தம் டேப்பைப் பள்ளத்தோடு ஒட்ட வைத்துவிடும், டயரின் மடிப்பும் நிமிர்ந்துவிடும். அடுத்த நாள் ஒரு பக்கத்து பீட்டை மட்டும் கழற்றி டியூபை உருவிக்கொள்ளுங்கள். மறுபக்கம் மேடையில் உட்கார்ந்தபடியே இருக்கும், பாதி வேலை முடிந்தது.

வால்வுக்குத் துளையிடக் கத்தி வேண்டாம். கத்தி போட்ட கீறல் அழுத்தத்தில் நீண்டுகொண்டே போகும். சூடாக்கிய மெல்லிய கம்பியால் ஓட்டையின் நடுவே குத்தினால் ஓரம் உருகி வட்டமாக நிற்கும். வால்வை உள்ளிருந்து நுழைத்து, அதன் ரப்பர் அடிப்பாகம் பள்ளத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வெளியே உள்ள திருகை விரலால் மட்டும் இறுக்குங்கள். இடுக்கியால் இறுக்கினால் டேப் முறுக்கிக்கொள்ளும். அதைவிட, நடுவழியில் டியூப் போட நேர்ந்தால் அந்தத் திருகை வெறுங்கையால் கழற்றவே முடியாது.

மாட்டுவதும் காற்றடிப்பதும்

டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பீட்டை எளிதாக ஏற்றிவிடலாம். இரண்டாவதை வால்வுக்கு நேரெதிரே தொடங்கி, இருபுறமும் வந்து வால்வுக்கருகே முடிக்க வேண்டும். காரணம் எளிது: வால்வின் அடிப்பாகம் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அந்த இடத்தில் பீட் கீழே இறங்காது. மற்ற இடமெல்லாம் பீட்டைப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசித் துண்டுக்குத் தேவையான தளர்வு கிடைக்கும். கடைசி ஒரு சாண் ஏற மறுத்தால் வலுவைக் கூட்டாதீர்கள். திரும்பிப் போய், எதிர்ப்புறம் பீட் பள்ளத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் சிக்கல். உலோக லீவர் டேப்பைக் கிழித்துவிடும்.

இனி சீலண்ட் ஊற்றாமலே ஒருமுறை காற்றடித்துப் பாருங்கள். கோளாறு ஏதும் இருந்தால் வெள்ளைத் திரவத்தில் குளிக்காமல் சரிசெய்யலாம். வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிடுங்கள், காற்று தடையின்றிப் பாயும். பீட் ஓரங்களில் சோப்பு நீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். நின்று அடிக்கும் பம்பால் வேகமாக, இடைவிடாமல் அடியுங்கள். ‘டப்’, ‘டப்’ என்று ஓசை வரும். பீட் மேடையில் ஏறும் ஓசை அது. பயப்பட வேண்டாம், ஆனால் முகத்தை டயரோடு ஒட்டிவைக்கவும் வேண்டாம். டயரில் எழுதிய உச்ச அழுத்தம், ரிம்மில் எழுதிய உச்ச அழுத்தம் இரண்டில் குறைவானதே உங்கள் எல்லை.

டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அது ரிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் அமுங்கியிருந்தால் காற்றை இறக்கி, அங்கே சோப்பு நீர் தடவி மறுபடி அடியுங்கள்.

எவ்வளவு அடித்தும் டயர் உப்பவில்லை, காற்று ஓரம் வழியே ஓடிவிடுகிறதா? பீட்டைக் கையால் இருபுறமும் மேடை நோக்கி இழுத்துவிட்டு முயலுங்கள். ரிம்மின் பள்ளம் டயருக்கு மிக ஆழமாக இருந்தால் இன்னொரு சுற்று டேப் பள்ளத்தை நிரப்பும். காற்றைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் விடும் கலன் உள்ள பம்போ, கம்ப்ரசரோ இருந்தால் பிரச்சினையே இல்லை. எரியும் திரவத்தைத் தெளித்துத் தீ வைத்து டயரை உப்ப வைக்கும் காட்சிகள் வீடியோக்களில் சுற்றுகின்றன. கையையும் கண்ணையும் பணயம் வைக்கும் அளவுக்கு ஒரு சைக்கிள் டயர் பெரிய விஷயம் இல்லை.

சீலண்ட்

டயர் உட்கார்ந்ததும் காற்றை மெல்ல வெளியேற்றுங்கள். நல்ல பொருத்தமாக இருந்தால் பீட் மேடையைவிட்டு இறங்காது. சீலண்ட் புட்டியைக் குறைந்தது அரை நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். துளையை அடைக்கும் நுண்துகள்கள் அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் ஊற்றினால் வெறும் பாலைத்தான் ஊற்றுகிறீர்கள்.

28 மி.மீ. சாலை டயருக்கு 30 முதல் 40 மி.லி., 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி. அளவில், 29 அங்குல மலைப்பாதை டயருக்கு 100 மி.லி. அளவில். முதல்முறை டயரின் உட்புறம் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சற்றுத் தாராளமாகவே விடுங்கள். வால்வைக் கடிகாரத்தின் நான்கு மணி நிலையில் வைத்து சிரிஞ்ச் வழியே செலுத்துங்கள். பிறகு உள் ஊசியைத் திருகிக் காற்றடியுங்கள்.

சக்கரத்தைச் சுழற்றுங்கள். இடமும் வலமும் சாய்த்துக் குலுக்குங்கள். ஒரு வாளியின் மேல் படுக்கவைத்துச் சில நிமிடம், திருப்பிப் போட்டுச் சில நிமிடம் விடுங்கள். பக்கவாட்டுத் துளைகளுக்குத் திரவம் போய்ச் சேரும். பக்கவாட்டில் சின்னச் சின்னக் குமிழிகள் தோன்றி மறைவது இயல்பு. அதன்பின் கொஞ்ச தூரம் ஓட்டிவருவதுதான் நல்ல முடிப்பு. முதல் ஓரிரு நாள்களில் காற்று சற்று இறங்கும். மூன்றாம் நாளும் ஒரே இரவில் பாதி இறங்கினால் ஏதோ சரியில்லை.

பெரும்பாலான சீலண்டுகள் இயற்கை ரப்பர்ப் பாலில் செய்தவை. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் அது கலக்காத வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு நிறுவனங்களின் சீலண்டை ஒரே டயரில் கலக்காதீர்கள், சில சேர்க்கைகள் உடனே திரிந்துவிடும். கரியமில வாயுக் குப்பிகளும் பல லேடெக்ஸ் சீலண்டுகளை உறைய வைக்கும். அவசரத்துக்கு அந்தக் குப்பியைப் பயன்படுத்தினால் வீட்டுக்கு வந்ததும் வாயுவை இறக்கிவிட்டுச் சாதாரணக் காற்றை அடியுங்கள், சீலண்டையும் சோதியுங்கள்.

எத்தனை பி.எஸ்.ஐ.?

டயரில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைப் பரிந்துரை என்று எடுத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. அது எல்லை மட்டுமே. சுமார் 70 கிலோ எடை உள்ளவர் 28 மி.மீ. டயரில் 65 முதல் 70 பி.எஸ்.ஐ., 32 மி.மீ.யில் 50 முதல் 55, 40 மி.மீ.யில் 35 முதல் 40, 2.3 அங்குல மலைப்பாதை டயரில் 20 முதல் 25 என்று தொடங்கலாம். எடை கூடினால் கூட்டுங்கள். பின்சக்கரம் அதிகச் சுமை தாங்குவதால் முன்சக்கரத்தில் ஓரிரண்டு பி.எஸ்.ஐ. குறைவாக வைப்பது வழக்கம்.

பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். வளைவில் டயர் துவண்டு பக்கவாட்டில் நழுவுவதுபோலத் தோன்றினாலோ, கல்லில் ரிம் இடிக்கும் ஓசை கேட்டாலோ, வளைவில் ஓரம் வழியே ‘புஸ்’ என்று காற்று வெளியேறினாலோ எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். நான்கைந்து கூட்டி அங்கேயே நில்லுங்கள். பம்பில் உள்ள முள் காட்டும் எண் பம்புக்குப் பம்பு மாறும். எனவே ஒரே பம்பையோ ஒரே அழுத்தமானியையோ எப்போதும் பயன்படுத்துங்கள்.

மாதாமாதம் கவனிக்க வேண்டியது

ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் காற்றைப் பாருங்கள். டியூப் வைத்த டயரைவிட இதில் காற்று சற்று வேகமாக இறங்கும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

சீலண்டின் ஆயுள் இரண்டிலிருந்து ஆறு மாதம். வெயில் காயும் வறண்ட இடங்களில் இரண்டு மாதத்தையே கணக்கு வையுங்கள். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் திரவம் ஆடும் ஓசை கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வால்வைக் கீழே கொண்டுவந்து சற்றுப் பொறுத்து, பிறகு மேல்புறமாகச் சற்றுத் திருப்பிக் காற்றை இறக்கி உள் ஊசியைக் கழற்றுங்கள். மறுபடி வால்வைக் கீழே கொண்டுவந்து, மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை உள்ளே விட்டு எடுத்தால் நனைந்த அளவு தெரியும். நனையாவிட்டால் முதலில் ஊற்றியதில் பாதியை மறுபடி ஊற்றுங்கள்.

காற்றடிக்கும்போது வால்வு அடிப்புறம் இருக்கக் கூடாது. அங்கே தேங்கிய சீலண்ட் ஊசிக்குள் ஏறி உறைந்து அடைத்துக்கொள்ளும். பம்ப் திடீரென்று கடினமாகிவிட்டால் அல்லது காற்று போகவே மறுத்தால் இதுதான் காரணம். ஊசியைக் கழற்றி ஒட்டியதை உரித்துவிடலாம். மாற்று ஊசிகள் ஒன்றிரண்டு கைவசம் இருந்தால் அந்த வேலைகூட வேண்டாம். நாளாக நாளாகத் திறந்து மூடும் சிறு முனை வளைவதும் உண்டு, அதற்கும் மாற்று ஊசிதான் மருந்து.

சைக்கிள் வாரக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் காற்றை முழுதாக இறங்க விடாதீர்கள். பீட் மேடையைவிட்டு இறங்கினால் சீலண்ட் தரையெல்லாம் வழியும். அவ்வப்போது போகிற போக்கில் சக்கரத்தைச் சுழற்றிவிடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறையாவது டயரைக் கழற்றுங்கள். உள்ளே உலர்ந்த ரப்பர்த் தோலும் பவளப் பாறைபோல முளைத்த கட்டிகளும் இருக்கும். உரித்தெடுங்கள், மெல்லிய படலத்தை விட்டுவிடலாம், அது காற்றைப் பிடிக்க உதவும். டேப்பின் ஓரம் எங்காவது தூக்கியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். ஸ்போக் முனையிலோ ரிம்மின் ஓட்டையிலோ வெள்ளைக் கசிவு தெரிந்தால் டேப்புக்குள் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அங்கே ஒட்டுப் போட்டுப் பயனில்லை, முழு டேப்பையும் மாற்ற வேண்டும்.

வழியில் குத்தினால்

டயரிலிருந்து வெள்ளையாகப் பீய்ச்சினால் உடனே நின்று, துளையைக் கீழ்ப்புறமாகத் திருப்பி வையுங்கள். அரை நிமிடத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். குத்திய முள் அடைத்துக்கொண்டு நிற்கிறது, காற்றும் போகவில்லை என்றால் பிடுங்க வேண்டாம், வீடுவரை அதுவே மூடியாக இருக்கட்டும்.

3 மி.மீ. அளவைத் தாண்டிய துளையில் சீலண்ட் திணறும். அப்போது ரப்பர் திரி. பஞ்சர் கருவியின் ஊசிக் காதில் திரியைக் கோத்து, துளைக்குள் நேராகக் குத்தி, இருமுனையும் சுமார் ஒரு செ.மீ. வெளியே நிற்கும்வரை உள்ளே தள்ளி, சட்டென்று ஊசியை மட்டும் உருவுங்கள். காற்று கொஞ்சம் மீதியிருக்கும்போதே செய்வது எளிது. டயர் தளர்ந்தால் ஊசி உள்ளே போய் டேப்பைக் குத்திவிடும். வெளியே நீட்டிய நுனி ஓட ஓடத் தேய்ந்துவிடும். நடுப்பகுதியில் போட்ட திரி டயர் தேயும்வரை நிற்பதுண்டு.

பக்கவாட்டு கிழிந்தால் ஒரே வழி டியூப். ஆகவே டியூப்லெஸ்காரரும் பையில் ஒரு டியூபும் பம்பும் லீவரும் வைத்திருக்க வேண்டும். வால்வைக் கழற்றுங்கள். கிழிசலுக்கு உட்புறமாகத் தடித்த பிளாஸ்டிக்கோ பழைய டயர்த் துண்டோ வையுங்கள், இல்லாவிட்டால் டியூப் அதன் வழியே பிதுங்கும். டியூபை நுழைக்கும் முன் டயரின் உட்புறம் முழுவதையும் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். இத்தனை மாதம் சீலண்ட் சத்தமில்லாமல் அடைத்துவைத்த முள்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஒன்றை விட்டாலும் புது டியூப் அடுத்த திருப்பத்தைத் தாண்டாது.

டயருக்கு விடைகொடுக்கும் நேரம்

நடுப்பகுதியில் நூல் தெரிந்தால், பக்கவாட்டில் ஓரிடம் புடைத்தால், அல்லது புது சீலண்ட் ஊற்றியும் பழைய துளைகள் மாறிமாறித் திறந்துகொண்டால் டயரை மாற்றுங்கள். பின்டயர் முன்னதைவிட வேகமாகத் தேயும். முன்டயரைப் பின்னால் போட்டுப் புதியதை முன்னால் மாட்டுவது பலரின் பழக்கம். பிடிமானம் அதிகம் தேவைப்படுவது முன்னால்தான் என்பதால் அது சரியான பழக்கமும்கூட. டயரைக் கழற்றும்போது மீதமுள்ள சீலண்ட் இன்னும் பாலாக, கட்டியில்லாமல் இருந்தால் சிரிஞ்சால் உறிஞ்சி அடுத்த டயரில் ஊற்றலாம். கட்டி தட்டியிருந்தால் சாக்கடையில் கொட்டாமல் பழைய துணியில் தேய்த்து எடுத்து, உலர்ந்த பிறகு குப்பையில் போடுங்கள். ஈரமாக இருக்கும்வரை கையிலும் ரிம்மிலும் பட்டது தண்ணீரில் போய்விடும். சட்டையில் பட்டு உலர்ந்தால் அந்தச் சட்டை இனி டயர் மாற்றும் வேலைக்குத்தான்.